துணை என்று ஒரு கம்பெனி

கல்லூரியில் இரண்டாம் வருடம் எங்களுக்கு டிசைன் என்று ஒரு பாடம் இருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்கு டிசைன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பரீட்சை கிடையாது, புராஜெக்ட் மட்டும்தான் என்று தெரிந்ததும் வகுப்பில் பாதிப்பேர் அதில் சேர்ந்துவிட்டோம். புராஜெக்ட் இதுதான்: இல்லாத ஒரு தொழிலைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு பெயர் வைத்து லோகோ வரைய வேண்டும். அந்த லோகோ வெளியில் புழங்கினால் எப்படி இருக்கும் என்று போட்டோ எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டிரண்டு பேராகச் செய்யலாம்.

நான் கடத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். என்னோடு சேர்ந்தவள் அதியமான்கோட்டைக்காரி, வகுப்பில் என் பக்கத்து இருக்கை. நாங்கள் முதலில் ஒரு காபிக் கடையைக் கற்பனை செய்தோம். கோப்பை வரைந்து, மேலே ஆவி பறக்கிற மாதிரி மூன்று கோடு போட்டுக் கொண்டுபோனோம். மேடம் அதை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்து இது ஆறாவது கோப்பை என்றார். நம் ஊரில் இல்லாத, ஆனால் யாருக்காவது தேவைப்படுகிற ஒன்றை யோசித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

யோசனை தோழியின் சித்தியால் வந்தது. சித்திக்கு வயிற்றில் ஆபரேஷன். தோழி மூன்று நாள் வகுப்புக்கு வராமல் பெரிய ஆஸ்பத்திரியில் சித்தியோடு இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் என்னிடம் சொன்னது ஆபரேஷனைப் பற்றி அல்ல. அங்கே எந்த அறைக்குப் போனாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்கிறார்களாம்: கூட யார் வந்திருக்கிறீர்கள்? சீட்டு வாங்க, ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, மருந்து வாங்க, கையெழுத்துப் போட எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் வந்தவர்கள் பக்கத்துப் படுக்கைக்காரர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

அப்படிக் கூடப் போவதையே தொழிலாகச் செய்கிற ஒரு கம்பெனி. போன் செய்தால் ஓர் ஆள் வரும், நாள் முழுக்கக் கூடவே இருக்கும், மாலையில் பஸ் ஏற்றிவிட்டுப் போகும். பெயர் வைக்க எங்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. துணை.

லோகோதான் இரண்டு வாரம் இழுத்தது. கை கோத்த மாதிரி முதலில் வரைந்தோம். தமிழ்நாட்டில் கையை வரைந்தால் அது கையாக மட்டும் இருப்பதில்லை என்று வரைந்த பிறகுதான் உறைத்தது. வகுப்பில் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டு கேட்டு வந்திருக்கிறீர்களா என்றான். இலை வரையலாம் என்றால் அதுவும் கட்சி. சூரியன் வரைந்தால் அதுவும். எங்கள் மாவட்டத்தில் மாம்பழத்தை யாரும் பழமாகப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானாக யோசித்துப் பார்த்தேன். ஏதாவது ஒரு தேர்தலில் யாராவது ஒருவர் அதில் நின்றிருந்தார்.

படம் ஒன்றும் அமையாததால் பெயரையே வரைவது என்று முடிவெடுத்தேன். கடத்தூர் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்த ஒரு நாள் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு துணை, துணை என்று பக்கம் முழுவதும் எழுதிக்கொண்டு வந்தேன். ரோடு சரியில்லை. பஸ் குலுங்கிய குலுங்கலில் எழுத்துகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி விழுந்தன. ‘ணை’ என்ற எழுத்தில், முன்னால் போடுகிற இணைக்கொம்பு தனியாகவும் ‘ண’ தனியாகவும் நின்றன. அப்போதுதான் பார்த்தேன். ‘ணை’ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது ‘ண’. ஐ என்ற ஒலி அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஆனால் எழுதும்போது அந்த ஐயின் கொம்பு ஓடிப்போய் முன்னால் நிற்கிறது. பின்னால் வர வேண்டியது முன்னால் நின்று கூட்டிக்கொண்டு போகிறது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுதுகிற எழுத்து அது. எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பக்கத்து இருக்கையில் இருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கொம்பைக் கொஞ்சம் பெரிதாக்கி, ‘ண’வின் பக்கம் லேசாகச் சாய்த்தேன். அவ்வளவுதான் லோகோ. மறுநாள் மேடம் அதை வெகுநேரம் பார்த்தார். தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார். “நாப்பது வருஷமா இந்த எழுத்த எழுதறேன். இது முன்னாடி வந்து நிக்குதுன்னு இன்னிக்கித்தான் பாக்கறேன்” என்றார். அவர் அப்படி யாரிடமும் பேசி நாங்கள் கேட்டதில்லை. உடனே பழைய குரலுக்குத் திரும்பி, போட்டோ உண்மையான இடத்தில் எடுக்க வேண்டும், கல்லூரிச் சுவரில் ஒட்டி எடுத்தால் செல்லாது என்றார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கருநீல டீ-ஷர்ட் இரண்டில் வெள்ளையாக லோகோ அடித்து வாங்கினோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுடிதாருக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணனிடம் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டோம். உள்ளே எடுக்கக் கூடாது, நோயாளிகள் முகம் விழக் கூடாது, வெளித்தூண் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் தூணில் சாய்ந்தும் சாயாமலும் நின்றேன். தோழி போனைப் பிடித்துக்கொண்டு, “யாரையோ கூட்டிக்கிட்டுப் போற மாதிரி நில்லுடி” என்றாள். யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல் அப்படி நிற்பது எளிதில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். ஒல்லியான உடம்பு, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு. கையில் ஒரு கட்டைப்பை. நாலைந்து படம் எடுத்து முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

“அக்கா, பிரசவம் பாக்கற பக்கம் எப்படிப் போவணுங்க?”

தோழிக்கு அந்த இடம் தெரியும். கையை நீட்டி வழி சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பின்னாலிருந்து எடுத்தால் முகம் விழாது, நல்ல படமாகக் கிடைக்கும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அதுதான் தோன்றியது என்பதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை. “வாங்கக்கா, நானே கூட்டிட்டுப் போறேன்” என்று அந்தப் பெண்ணின் பையை வாங்கிக்கொண்டேன்.

தோழி வழி சொல்லிக்கொண்டே கட்டட வாசல் வரைக்கும் பின்னால் வந்து, படம் எடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். சீட்டு வாங்கும் வரிசையில் அந்தப் பெண்ணை நிற்க விடாமல் நானே நின்றேன். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இருந்துவிட்டு நழுவிவிடலாம் என்பதுதான் திட்டம்.

அவள் பேச ஆரம்பித்தாள். பென்னாகரம் தாண்டி உள்ளே, காட்டை ஒட்டின ஊர். வீட்டில் கன்னடம் பேசுவார்களாம். தமிழ் பேச வரும், படிக்க வராது. கணவன் போர்வெல் லாரியோடு வடக்கே போய் மூன்று மாதம் ஆகிறது. மாமியார் ஆடுகளை விட்டுவிட்டு வர முடியாததால் தனியாக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். எங்களிடம் எதற்காக வந்து கேட்டாள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. லோகோவைக் காட்டி, இதைப் பார்த்தா வந்தீர்கள் என்று கேட்டேன். அவள் அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

“இல்லீங்க. ரெண்டு பேரும் ஒரே கலர் சட்டை போட்டிருந்தீங்க. ஆசுபத்திரி ஆளுங்கன்னு நெனச்சிட்டேன்.”

இரண்டு வாரம் வரைந்தது அங்கே பெஞ்சிலேயே முடிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். சிரித்துவிட்டு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, பஸ் தாமதமாக வந்தது என்று சொல்வது போன்ற குரலில் சொன்னாள்:

“நேத்து சாயந்திரத்துலருந்து உள்ள அசைவே இல்லீங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை. குழந்தையைச் சொல்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. எட்டாவது மாதம். இரவு முழுக்க விழித்திருந்து பார்த்திருக்கிறாள். மாமியாரிடம் சொன்னால் பயந்துவிடுவார் என்று வழக்கமான செக்கப் என்று சொல்லிவிட்டு விடிந்ததும் பஸ் ஏறியிருக்கிறாள். இதை ஏன் வந்ததுமே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“வரிசையில இருக்கற எல்லாருக்கும் எதாச்சும் ஒண்ணு இருக்குமில்லீங்க. நம்ம முறை வரட்டும்னு இருந்தேன்.”

நான் எழுந்து ஓடினேன். கதவருகே இருந்த சிஸ்டரிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் நான் முடிக்கும் முன்பே எழுந்துவிட்டார். வந்து அவள் தோளைப் பிடித்து எழுப்பி உள்ளே அழைத்துக்கொண்டு போனார். போகிற போக்கில் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“கூட யாரு?”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நாந்தாங்க. துணைக்கு வந்திருக்கேன்” என்றேன். அது கம்பெனிப் பெயராக என் வாயில் வரவில்லை. எல்லோரும் சாதாரணமாகச் சொல்வதுபோலத்தான் வந்தது.

உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் அவளைப் படுக்க வைத்தார்கள். நான் தலைப்பக்கம் பையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிஸ்டர் வயிற்றில் ஏதோ களிம்பு தடவி, சின்ன டார்ச் போன்ற ஒரு கருவியை வைத்தார். ஒயரின் மறுமுனையில் ஒரு ஸ்பீக்கர். அதில் வெறும் கரகரப்பு. வைத்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தினார். கரகரப்பு. கீழே கொண்டுபோனார், பக்கவாட்டில் சாய்த்தார். அவள் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை என் டீ-ஷர்ட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் என்று இப்போது சொல்ல முடியவில்லை. ஒரு நிமிடமாகக்கூட இருந்திருக்கலாம். சிஸ்டரின் கை ஓர் இடத்தில் நின்றது. கரகரப்புக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் மேலே வந்தது.

எங்கள் வீட்டில் அம்மா தையல் மெஷின் மிதிப்பார். நீளமான ஓரம் அடிக்கும்போது நிறுத்தாமல் ஒரே சீராக ஓட்டுவார். அந்த வேகம். அவ்வளவு அவசரம், ஆனால் ஓர் அடிகூடத் தவறவில்லை. யாருக்காகவும் காத்திருக்காத, யாரும் கேட்கிறார்களா என்று கவலைப்படாத சத்தம். நேற்று மாலையிலிருந்து நாங்கள் யாருமே கேட்காமல் இருந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இரவு அவள் விழித்துக் கிடந்தபோதும், இரண்டு பஸ்ஸிலும், நாங்கள் தூண் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோதும்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் தலையை லேசாகத் தூக்கி சிஸ்டரைக் கேட்டாள்:

“இது என்னுதா, அதோடதா?”

“அதோடதும்மா. உன்னுது இவ்ளோ வேகமா அடிக்குமா?”

“இன்னும் கொஞ்ச நேரம் வையுங்க.”

வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் சிஸ்டர் கருவியை எடுக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். அந்தச் சின்ன இடத்தில் ஆள் எண்ணிக்கை மூன்று இல்லை, நான்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோயிலில் நான் அப்படி நின்றதில்லை.

பிறகு வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி, தாளில் கோடு கோடாக வருகிற பரிசோதனை ஒன்று செய்தார்கள். டாக்டர் வந்து பார்த்தார். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனாலும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, நேற்று மத்தியானம் என்றாள். டாக்டர் என்னைத் திட்டினார். ஆளைக் கூட்டிவந்தவள் இதைப் பார்க்க வேண்டாமா என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடி இட்லியும் பாலும் வாங்கி வந்தேன். மூன்றாவது இட்லியில் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். வயிற்றைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்து, “எந்திரிச்சிடுச்சு” என்றாள். பக்கத்து வீட்டில் தூங்கியவரைப் பற்றிச் சொல்வது மாதிரி.

அவள் கணவனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, ஸ்பீக்கரில் தமிழிலேயே பேசினாள். அந்தப் பக்கம் போர் போடுகிற மெஷின் சத்தம். அவன் எதையோ கத்தினான்; இவளும் கத்தினாள்.

“அடிக்குதுங்க! நல்லா அடிக்குது!”

“ஆரு அடிக்கறா?” அவன் குரல் மாறிவிட்டது. “எங்கம்மாவா?”

வார்டில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. நான் போனை வாங்கி நிதானமாக விளக்கினேன். அவன் மெஷினை நிறுத்தச் சொல்லி யாரிடமோ கையை ஆட்டியிருக்க வேண்டும், சத்தம் திடீரென்று நின்றது. முழுவதும் கேட்டுவிட்டு, நீங்க யாருங்க என்றான். ஆஸ்பத்திரியில் பார்த்த பெண் என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அம்மாவை உடனே அனுப்பிவைக்கிறேன் என்றான்.

என் அம்மாவுக்கும் போன் செய்து தாமதமாக வருவேன் என்றேன். யாரோடு இருக்கிறாய் என்று கேட்டார். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணோடு என்று உண்மையைச் சொன்னேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். “அந்தப் புள்ள எதாச்சும் சாப்புட்டுச்சா?” என்றார்.

நாலு மணி வாக்கில் மாமியார் வந்து சேர்ந்தார். ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். பொய் சொல்லிவிட்டா வந்தாய் என்றுதான் இருக்க வேண்டும், மருமகளைக் கன்னடத்தில் நன்றாகத் திட்டினார். திட்டிக்கொண்டே அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டைப்பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். தோழி அதே தூண் பக்கம் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து இரண்டு டீயைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும், அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டாள். தரையில் விரலால் தட்டிக் காட்டினேன். அந்த வேகத்துக்கு என் விரல் ஈடுகொடுக்கவில்லை.

எங்களிடம் ஒரு படம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் அவளும் நானும் நுழைகிற படம், பின்னாலிருந்து எடுத்தது. அவள் பை என் தோளில். ஒளியும் அமைப்பும் அப்படி அமைந்திருந்தன. வகுப்பில் யாரிடமும் அதுபோல ஒன்று இருந்திருக்காது. புராஜெக்ட் காட்டுவதற்கு முந்தைய நாள் அதைத் திரையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அந்தப் படத்தில் அவள் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறாள். அதைக் காட்டி மார்க் வாங்க எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. நான் தூணில் சாய்ந்தும் சாயாமலும் நின்ற படத்தையே கொடுத்தோம். படம் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது போல இருக்கிறது என்றார் மேடம். லோகோவுக்கு நல்ல மார்க், படத்துக்குக் குறைவு. ஜிம் ஒன்றுக்கு லோகோ வரைந்தவர்கள் முதலில் வந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். அதற்கும் மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தோழியும் பென்னாகரம் போய், அங்கிருந்து மினி பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனோம். நாங்கள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். டீயைக் குடித்து முடிக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அப்படி ஒரு கம்பெனியே கிடையாது, காலேஜுக்காகப் போட்ட சட்டை அது, உங்களோடு உள்ளே வந்ததே ஒரு படம் எடுக்கத்தான் என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை.

“வந்தீங்கல்ல” என்றாள். “டாக்டரம்மாகிட்ட திட்டும் வாங்கினீங்க.”

அதற்குள் வெளியே ஆடு எதுவோ பக்கத்துத் தோட்டத்தில் புகுந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் தொட்டிலிலிருந்து குழந்தையை அள்ளி, நான் சரியாக உட்கார்ந்திருக்கிறேனா என்றுகூடப் பார்க்காமல் என் மடியில் வைத்துவிட்டு ஓடினாள். மூன்று மாதக் குழந்தை, கனமாக, சூடாக இருந்தது. என் முகத்தைக் கண் சிமிட்டாமல் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூச்சைச் சத்தமாக விடக்கூடப் பயமாக இருந்தது.